தரையைத் தொட்ட தூளி

அறுபத்தெட்டில் காஞ்சிபுரத்துப் பட்டுச் சாயப்பட்டறை ஒன்றின் கழிவுநீரை ஏரிக்கு வாய்க்கால் வெட்டி விட்டார்கள். அது விழும் இடத்தில்தான் வள்ளைக்கீரை தழைத்தது. பூவம்மாள் அதைப் பறித்துக் கடைந்து, மகளுக்குச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள்.

குழந்தை இளைத்துக்கொண்டே போனது. தூளி மட்டும் தரையைத் தொட்டது. பூவம்மாள் தூளிப் புடவையை ஏற்றி ஏற்றிக் கட்டினாள்.

“உத்தரம் வளையுது பாரு. தூளியில இன்னா போட்டு வெச்சிருக்கிற?” என்றான் அவள் புருஷன் பரசுராமன்.

“கொழந்த மட்டுந்தான் இருக்குது.”

ஆடி பிறக்குமுன் குழந்தை இறந்தது. சின்னக் குழந்தையை அப்பன் கையில் ஏந்திப் போவதுதான் வழக்கம். பரசுராமன் குனிந்து தூக்கிப் பார்த்தான். மறுபடியும் தூக்கிப் பார்த்தான். பிறகு வாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டான்.

பெரியவர்களுக்குக் கட்டுகிற பாடையையே கட்டினார்கள். நாலு பேர் தோள் கொடுத்தும், வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்தார்கள்.