ரோடு மோசம்

ஒரு காருக்கு அடியில், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு காற்றுப்பைகள் குடியிருந்தன. மேடுபள்ளத்தில் அமுங்கி நிமிர்ந்து, வண்டி குலுங்காமல் தாங்குவது அவற்றின் வேலை. பின்னால் இருந்த ஒரு பையில் மட்டும் ஊசிமுனை அளவு ஓட்டை. தெரிந்தால் கழற்றி எறிந்துவிடுவார்களே என்று அதற்குப் பயம்.

"அண்ணே, இறங்கிட்டேன், கொஞ்சம் காத்து," என்று, பைகளுக்குக் காற்றடிக்கவே வண்டியில் இருந்த பம்பிடம் கெஞ்சும்.

"இப்பத்தானே தம்பி குடுத்தேன்?"

"ரோடு மோசம்ணே."

பம்பும் பாவம் பார்த்து ஓயாமல் காற்றடித்தது. ஒருநாள் கருகி நின்றேவிட்டது. வண்டி ஒரு பக்கமாகக் குந்திக்கொண்டது.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். ஓட்டையைப் பற்றிப் பை மூச்சுவிடவில்லை.

"பம்ப் போச்சு," என்று புதுசை மாட்டினார்.

"யாருக்கும் காத்து வேணுமா?" என்றது புதுப் பம்ப், உற்சாகமாக.

மூலையில் கிடந்த பழைய பம்பை ஒருதரம் பார்த்துவிட்டு, பை மெல்லச் சொன்னது:

"எனக்குத்தாண்ணே. ரோடு கொஞ்சம் மோசம்."