ஆம்லெட் தேர்வு

துரை மறுபடியும் லைட்டரை அழுத்தினான். அடுப்பு பற்றவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா அதன் நுனிக்கு நகர்ந்தாள்.

துரை என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். இருபத்தாறு வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். எதையும் நிதானமாகத்தான் செய்வான். அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாகிவிடுவான். அந்த விஷயத்தில் அப்படியே அவன் அப்பா.

இன்றைக்குத் தேறினால், அடுத்த வாரமே நண்பர்கள் இருவரோடு தனி வீட்டுக்குக் குடிபோகலாம். பக்கத்துத் தெருதான். ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று.

தனியாக வாழப் பயிற்சி தருகிற பெண் சுவரோரமாக நின்று, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்பு குப்பென்று பற்றியது. துரை ஓரடி பின்வாங்கி, தீயைக் குறைத்து, "ம்" என்று தனக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டான்.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

முட்டையை உடைத்தான். ஓட்டில் ஒரு துண்டு கிண்ணத்துக்குள் விழுந்தது. அவன் கவனிக்கவில்லை, அம்மா கவனித்தாள். தொண்டை வரை வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். முட்டை ஓடு தின்று யாரும் செத்ததில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வெங்காயத் துண்டு ஒன்று யானை, ஒன்று எறும்பு. உப்பில் கை தாராளம். திருப்பும்போது ஆம்லெட் இரண்டாகக் கிழிந்தது.

துரை அசரவில்லை. இரண்டையும் தட்டில் போட்டான். அடுப்பை அணைத்தான். சிலிண்டரையும் மறக்காமல் மூடினான்.

ஓர் ஆம்லெட் வேக இவ்வளவு நேரமாகும் என்று அம்மாவுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

பயிற்சி தருகிற பெண் பக்கத்தில் வந்தாள். "என்ன துரை, அம்மா பாஸா?"

துரை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தான்.

அவன் எப்போதோ தேறிவிட்டான். இழுத்தடித்தது அம்மாதான். முதல் முறை பாய்ந்து போய்க் கத்தியைப் பிடுங்கினாள். அடுத்த முறை உப்பு டப்பாவைக் கண்ணாலேயே காட்டி மாட்டிக்கொண்டாள். இன்றைக்கு எழுந்திருக்கவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

"பாஸ்" என்றான்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி அவன் போய்விடுவான்.

"ஆனா சாவி தர மாட்டேன்மா. பெல் அடிச்சிட்டுதான் வரணும்."