ஆமையை எடுத்தது சரியா?

ஏரிக்கரைத் தவளைகளின் கால்பந்து அணி இந்த வருடம் வயதான இரண்டு பேரைப் புதிதாக எடுத்திருந்தது. ஒன்று ஆட்டுக்கடா, இன்னொன்று ஆமை. கடா மூன்று கோல் போட்டுவிட்டதால் அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆமையைப் பார்த்தால்தான், கரையில் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கொக்குக்கு வயிறு எரிந்தது.

"எதிரணி கோல் வாசல்லயே நிக்கிறான் பாரு! ஓடவே தெரியாதவனை எதுக்குடா எடுத்தாங்க?"

"பந்து வரட்டும்ணே," என்றது பக்கத்தில் இருந்த நீர்க்காகம்.

"வந்து கிழிச்சான்! இன்னிக்கு இவன் ஒரு கோல் போட்டா, மதகடியில என் இடத்தை நீயே வெச்சுக்க!"

மீன் தானாக வந்து விழும் இடம் அது. கொக்கு கூடப்பிறந்த தம்பிக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. அந்த நொடியிலிருந்து நீர்க்காகம் ஆமையின் பரம ரசிகனாகிவிட்டது.

கடைசி நிமிடத்தில் கடா உதைத்த பந்து ஆமையின் மூக்கடிக்கு உருண்டு வந்தது. ஆமை கழுத்தை நீட்டி ஒரு தள்ளு தள்ளியது. கோல்! கரையே அதிர்ந்தது. கொக்கு மட்டும் இறகு கோதுவதுபோல் குனிந்துகொண்டது.

மறுநாள் ஏரியின் வறண்ட மூலையில், உச்சி வெயில் வரை கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. மதகடியில் வயிறு நிறைந்த நீர்க்காகம் அங்கிருந்தே குரல் கொடுத்தது.

"ஏண்ணே, கொஞ்சம் ஓடித்தான் பாக்குறது?"

"போடா! ஓடுனா மீன் எப்படிடா வரும்?" என்று எரிந்து விழுந்தது கொக்கு. "இடம் பாத்து நிக்கணும்டா!"