முதல் பரிசுச் செம்பருத்தி

மாவுப்பூச்சி அப்பிய தன் செம்பருத்தியை அன்று சாயங்காலமே பிடுங்கி எறிந்துவிடுவதென்று முடிவுகட்டிவிட்டுத்தான் அணில் மலர்க் கண்காட்சிக்கு வந்திருந்தது. கூட்டத்தில் இடிபட்டு, மிதிபட்டு, முதல் பரிசு வாங்கிய செம்பருத்தியின் முன்னால் போய் நின்றது. ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம்! அணிலுக்கு வயிறு எரிந்தது. கை சும்மா இருக்குமா? ஓர் இலையைப் புரட்டியது.

“ஐயோ, மூடுங்கக்கா! நடுவரே பார்க்கலை,” என்றது அடியில் பதுங்கியிருந்த மாவுப்பூச்சி.

அணிலுக்கு உச்சி குளிர்ந்தது.

“நகரும்மா! என் செடியும் இருக்கே, தரித்திரம்,” என்று பின்னால் நின்ற ஆமை பெருமூச்சு விட்டது.

“பூவை விடுங்க. இலையைத் தூக்கிப் பாருங்க,” என்று அணில் அதன் காதில் போட்டது.

அப்புறம் வரிசை நகரவே இல்லை. ஆனால் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அணில் தன் செடிக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்தது. “உனக்கென்னடி குறைச்சல்!”