முப்பது வருஷ முழங்கை

பெரிய டாக்டர் இடது கையால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தீர்ப்பு வாசிக்கும் தோரணையில் சொன்னார்:

"முழங்கை உடையலை சிஸ்டர். வெறும் சுளுக்கு. நாளைக்கே வேலைக்குப் போகலாம்."

"மூட்டுக்குப் பின்னால கறுப்பா நிழல் இருக்கே டாக்டர்? உள்ளே விரிசல் இருந்தா அப்படித்தான் தெரியும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? அசைச்சா எலும்பு விலகிடும். கட்டுப் போட்டுடலாம்."

"முப்பது வருஷமா எலும்போடவே குடித்தனம் நடத்துறேன். எனக்கே பாடமா?"

நர்ஸ் சீட்டையும் பேனாவையும் மேஜையின் மறுகோடியில் வைத்தாள்.

"அப்ப முறிவு இல்லைன்னு கையெழுத்துப் போட்டுடுங்க."

டாக்டர் வலது கையை நீட்டினார். அது பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"ஐயோ அம்மா!"

அலறல் வராந்தா வரை கேட்டது. காலையில் ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்து, அந்த எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டவர் சாட்சாத் அவரேதான்.

மாவுக்கட்டைப் போட்டு முடித்த நர்ஸ், நிமிர்ந்து கேட்டாள்:

"நாளைக்கே வேலைக்குப் போகலாமா டாக்டர்?"