தாமரை இலையில் அடைகாப்பவன்

ஏரி நடுவில், மிதக்கும் தாமரை இலைமேல் ஓர் ஆண் இலைக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த இனத்தில் அடைகாப்பது ஆணின் வேலை. ஏரியிலேயே உறுதியான இடம் எதிரே நின்ற கருவேல மரங்கள்தான். அவற்றில் தூர தேசத்து நாரைகள் தங்கியிருந்தன. பருவம் முடியும் முன்பே அவை கூட்டம் கூட்டமாகக் கிளம்பத் தொடங்கின.

"மரத்துல இருக்கிறவங்களே போறாங்க. இலையை நம்பி உக்காந்திருக்கிற என் கதி என்ன?" என்று இலைக்கோழி பக்கத்தில் நீந்திய முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவையிடம் கேட்டது.

"ஏன் போறாங்களாம்?"

"அவங்க ஊர்ல பனி உருகிடுச்சாம். இரை கொட்டிக் கிடக்குதாம்."

"அது அவங்க ஊர்ச் சேதி. இங்கே தண்ணி குறைஞ்சிருக்கான்னு பாத்தியாண்ணே?"

இலைக்கோழி அப்போதுதான் குனிந்து தண்ணீரைப் பார்த்தது. பல நாட்களாக அது வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா அடைகாத்தே போ" என்று சிரித்துவிட்டு முக்குளிப்பான் மூழ்கிப்போனது.

சாயங்காலம் கடைசிக் கூட்டமும் எழுந்தது. இலைக்கோழி தன்னையறியாமல் எழுந்து சிறகை விரித்தது. கூடவே போனால் அந்த ஊரைப் பார்த்துவிடலாம். காற்று பட்டு முட்டைகள் குளிர்ந்தன. ஒன்றின் உள்ளிருந்து மெல்லத் தட்டும் சத்தம் கேட்டது.

அது மறுபடி உட்கார்ந்தது. கழுத்து மட்டும் நாரைகள் போன திசையிலேயே திரும்பியிருந்தது.