திங்கட்கிழமை மௌனம்

சோலைமலைக்குப் படிப்பு ஏறவில்லை. கை நீளம் மட்டும் சின்ன வயசிலேயே வந்துவிட்டது. அறுபது தாண்டியும் விட்டபாடில்லை. போன தடவை மதுரை ஜெயிலிலிருந்து திரும்பியபோது பெண்டாட்டி வாசலை மறித்து நின்றுகொண்டு சொன்னாள்:

"இன்னொருவாட்டி உள்ள போனா, வெளிய வந்து இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத. எனக்குப் புருசனே இல்லன்னு இருந்துக்குறேன்."

சொன்னால் செய்கிறவள். அதனால் சோலைமலை திருந்தினார். பெரிய திருட்டையெல்லாம் விட்டுவிட்டுச் செருப்புத் திருட்டுக்கு வந்தார். செருப்பு போனதற்கு எவன் போலீசுக்குப் போவான்?

அன்று திங்கட்கிழமை. மலைக்கோட்டைக்குப் போகிற ரோட்டில், ஆடிட்டர் வேலுமணியின் ஆபீஸ் மாடிப்படி ஏறினார். கொடைக்கானலில் ஏதோ தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து வேலுமணி ஒரு புது வழக்கம் வைத்திருந்தார். திங்கள்தோறும் மொத்த ஆபீஸும் செருப்பையும் செல்போனையும் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். அதற்குப் பெயர் மௌனம். பேசுவது வேலுமணி மட்டும்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இங்க முதலாளி, தொழிலாளி கெடையாது. நீங்க தூங்குறப்பகூட நான் உங்களையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

சோலைமலைக்கு இந்தப் பேச்சே ஆகாது. குடும்பம் குடும்பம் என்று தோளில் கை போட்ட பங்காளிதான் அவரைப் போன தடவை காட்டிக்கொடுத்தவன்.

நல்ல ஜோடியாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது அது கண்ணில் பட்டது. திறந்திருந்த கதவுக்கு வெளியே ஒரு கூடை. கூடை நிறையச் செல்போன். எல்லாம் தீபாவளிக்கு ஆபீஸ் வாங்கிக் கொடுத்தது, பளபளவென்று.

அவருக்குச் சந்தேகம் தட்டியது. இம்புட்டுச் சாமானை எவனாவது வாசலில் வைப்பானா? எட்டித் தெருவைப் பார்த்தார். ஜீப் இல்லை. கேமரா இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. ஆனால் எல்லாமே உள்ளே, வேலை செய்கிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு.

கூடையில் கை வைத்தார். கதவோரம் உட்கார்ந்திருந்த பெண் கண்ணைத் திறந்தாள்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டாள். சோலைமலை ஒரு காலைப் படியில் வைத்தார். கத்தப் போகிறாள் என்று நினைத்தார். அவளோ ஒரு கொட்டாவி விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

தூக்கக் கலக்கம் போலிருக்கிறது. பையும் கூடையுமாக இறங்கி டவுன் பஸ் ஏறிவிட்டார்.

பஸ்ஸில்தான் சனியன் பிடித்தது. ஒரு போன் அலறியது. அணைக்கத் தெரியாமல் எதையோ அமுக்கினார்.

"ஹாமித், கேபினுக்கு வாங்க!"

"பஸ்ல இருக்கேங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"பஸ்லயா? யாரக் கேட்டு?"

அவசரமாகத் துண்டித்தால் அடுத்த போன் அடித்தது. அதிலும் அதே 'ஒரே குடும்பம்' குரல். பிறகு இன்னொன்று. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வேர்த்து விறுவிறுத்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கியவர், பை, கூடை எல்லாவற்றையும் தூக்கிச் சாக்கடையில் வீசிவிட்டு நடையைக் கட்டினார்.

மத்தியானம் டீக்கடையில் பிடரியில் ஒரு கை விழுந்தது. ஊரில் எது காணாமல் போனாலும் ஏட்டு செபஸ்தியானுக்கு முதலில் ஞாபகம் வருவது சோலைமலைதான். நேரே ஆடிட்டர் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பயப்படாமச் சொல்லுங்க. நாம ஒரே குடும்பம்," என்றார் வேலுமணி, ஊழியர்களைப் பார்த்து.

ஹாமித் முன்னால் வந்தான். "கண்ண மூடியிருந்தோம் சார். ஆனா பூட்ஸ் சத்தம் கேட்டுச்சு. இவரு வெறுங்காலு."

"சென்ட் வாசம் அடிச்சுச்சு சார்," என்றாள் ஹரிணி. "நம்ம சார் போடுறது மாதிரியே."

வேலுமணி முறைத்தார். ஏட்டு, ரீனா பக்கம் திரும்பினார். கொட்டாவி விட்ட பெண் அவள்தான்.

"கதவோரம் இருந்தது நீதானம்மா? இந்த ஆளா, பாத்துச் சொல்லு."

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார். வாசலை மறித்து நிற்கும் பெண்டாட்டிதான் கண்ணுக்குள் நின்றாள்.

ரீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் நல்லாப் பாத்தேன் சார். அவன் சின்ன வயசு. கோட்டு போட்டிருந்தான். இந்தப் பெருசு இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"சத்தியமா இல்ல சார்."

ஏட்டுக்கு வேறு வழியில்லை. "யோவ், போய்த் தொல," என்று தள்ளிவிட்டார்.

சோலைமலை பாதிப் படியில் உட்கார்ந்து அழுதேவிட்டார். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மனசா! பின்னாலேயே ரீனா இறங்கி வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயி, முன்னப்பின்ன தெரியாத இந்தக் கெழவனுக்காகப் பொய் சொன்னியே. நீ நல்லா இருக்கணும்."

"மெதுவாப் பேசுங்க தாத்தா. ராத்திரி ரெண்டு மணிக்கும் சார் அந்தப் போன்லதான் கூப்புடுறாரு. அந்தக் கூடைய மாசக்கணக்கா வெளிய வச்சுப் பாத்தோம். எடுக்க ஒரு நாதி வரல. நீங்கதான் வந்தீங்க."

சோலைமலை விழித்தார். அவள் மேலே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தாள்.

"வார திங்கக்கிழம அதே எடத்துல லேப்டாப்பு எல்லாத்தையும் வைக்கிறோம். கொஞ்சம் பெரிய பையாக் கொண்டாந்துருங்க."